தங்க விலையை ஆட்டுவிக்கிறார்கள் என்று அஞ்சுபவர் தங்கத்தை எந்த வடிவில் வைத்திருக்கலாம்?

"தங்கம் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் விலையை லண்டனிலும் நியூயார்க்கிலும் நாலு பெரிய வங்கிகள் உட்கார்ந்து முடிவு செய்கின்றன என்கிறார்கள். அப்படியிருக்க நகையாக வாங்குவதா, காசாக வாங்குவதா, டீமேட் கணக்கில் போடுவதா?"

இந்தக் கேள்வியை வாசகர்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதில் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. விலையை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்பது ஒன்று. தாளில் இருக்கும் தங்கம் ஒருநாள் கைக்கு வராமல் போய்விடும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தங்கச் சந்தையில் கைவைத்தவர்கள் உண்டு. பிடிபட்டிருக்கிறார்கள், சிறைக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பணத்தை அதிகமாகத் தின்பது லண்டன் வங்கி இல்லை. அரசின் வரி மாற்றமும் கடை பில்லில் ஏறும் சேதாரமும்தான். எந்தக் கைக்கு அஞ்சுகிறோம் என்று தெரிந்தால், எந்த வடிவில் வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

## நிரூபணமானது எது, ஆகாதது எது

1919 செப்டம்பர் 12 அன்று லண்டனில் ராத்ஸ்சைல்ட் வங்கியின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஐந்து உறுப்பினர்கள் கூடி, வாங்குவோர் கேட்கும் அளவும் விற்போர் தரும் அளவும் சமமாகும் இடத்தில் ஒரு விலையை அறிவிப்பார்கள். பிற்காலத்தில் அது நாளுக்கு இருமுறை ஆனது, 2004க்குப் பிறகு தொலைபேசியிலேயே நடந்தது. உலகின் சுரங்கங்களும் நகை வணிகர்களும் மத்திய வங்கிகளும் அந்த விலையை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். விலை குறிக்கும் வங்கிகளே தங்கள் சொந்தக் கணக்கிலும் தங்கம் வாங்கி விற்றன. ஓட்டை அங்கேதான் இருந்தது.

2012 ஜூன் 28 அன்று பார்க்லேஸ் வங்கியின் வர்த்தகர் ஒருவர் அந்த ஓட்டையைப் பயன்படுத்தினார். அன்றைய பிற்பகல் விலை அவுன்ஸுக்கு 1,558.96 டாலருக்கு மேல் இருந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு வங்கி 39 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். விலை குறிக்கும் நேரத்திலேயே அவர் விற்பனை ஆர்டர்களைப் போட்டு, விலையை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளினார். 2014 மே மாதம் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் வங்கிக்கு 2.6 கோடி பவுண்டு அபராதம் போட்டது. வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும் லைபார் வட்டி விகிதத்தைத் திரித்ததற்காக அதே வங்கிக்கு 29 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது அந்த ஜூன் 27 அன்று. மறுநாளே தங்க விலையில் இது நடந்திருக்கிறது. 2015 மார்ச்சில் பழைய முறை ஒழிந்து மின்னணு ஏலம் வந்தது.

அமெரிக்காவின் ஜேபி மோர்கன் வங்கியின் கதை இன்னும் நீளமானது. வாங்கும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டரைத் திரையில் காட்டி, மற்றவர்கள் அதைப் பார்த்து விலையை நகர்த்தியதும் சில நொடிகளில் ஆர்டரை விலக்கிக்கொள்வதை 'ஸ்பூஃபிங்' என்பார்கள். 2008 முதல் 2016 வரை அந்த வங்கியின் விலையுயர்ந்த உலோகப் பிரிவில் இது வழக்கமாகவே நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் அமெரிக்க அரசுக்கு 92 கோடி டாலர் செலுத்த வங்கி ஒப்புக்கொண்டது. அந்தப் பிரிவின் மூத்தவர்கள் இருவர் 2022இல் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகி, மறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். தங்க விலை பற்றிய ஒரு வழக்கை முடிக்க டாய்ச்சு வங்கி 6 கோடி டாலர் கொடுத்தது.

ஆக, சதி என்று சொல்பவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த மோசடிகளின் அளவைப் பாருங்கள். நொடிக்கணக்கு, நிமிடக்கணக்கு. பார்க்லேஸ் வழக்கில் விலை நகர்ந்தது அவுன்ஸுக்குச் சில டாலர், அரை சதவீதத்துக்கும் கீழ். அந்த நிமிடத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் ஏமாந்தார், அது திருட்டுதான். மகள் கல்யாணத்துக்காகப் பத்து வருடம் சேர்க்கும் குடும்பத்தின் கணக்கில் அது தெரியக்கூடச் செய்யாது.

வங்கிகளைவிடப் பெரிய கை அரசுகளுடையது, அது பெரும்பாலும் வெளிப்படையாகவே நீண்டிருக்கிறது. 1961இல் அமெரிக்காவும் ஏழு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து தங்கள் மத்திய வங்கித் தங்கத்தை லண்டன் சந்தையில் கொட்டி, விலை 35 டாலரைத் தாண்டாமல் பிடித்து வைத்தன. 1968 மார்ச்சில் பிடி நழுவியது. லண்டன் தங்கச் சந்தையையே இரண்டு வாரம் மூட வேண்டியதாயிற்று. உலகின் பணக்கார நாடுகள் எட்டு, தம் கஜானாவைத் திறந்து வைத்தும் ஏழு ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு சில வங்கிகள் இரகசியமாகக் கூடி நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகத் தங்கத்தை அமுக்கி வைத்திருக்கின்றன என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான். அடுத்தது விலையே. 35 டாலரில் இருந்த அவுன்ஸ் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அமுக்க நினைப்பவர் செய்யும் வேலை இல்லை அது.

2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் அவுன்ஸுக்குச் சுமார் 200 டாலர் சரிந்ததை இன்றும் சதிக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். பெரிய விற்பனை ஆர்டர்கள் ஒரே நேரத்தில் வந்தது உண்மை. அதற்குப் பின்னால் ஒரு கூட்டு இருந்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. கடன் வாங்கி வாயிதாவில், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தில், நின்றவர்கள் அன்று அழிந்தார்கள். வீட்டில் தங்கம் வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள், மீண்டார்கள்.

## லண்டன் விலை நம் ஊர் பில்லாக மாறும் வழி

ஒரு அவுன்ஸின் டாலர் விலையை அதன் எடையான 31.1 கிராமால் வகுத்து, ரூபாய்க்கு மாற்றி, இறக்குமதி வரி சேர்த்தால் இந்திய விலை. சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் காலையிலும் மாலையிலும் அறிவிக்கும் கிராம் விலையைத் தமிழ்நாடு முழுக்கக் கடைகள் பின்பற்றுகின்றன. அதற்கு மேல் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி.

2022 ஜூலையில் இறக்குமதி வரி 15 சதவீதமாக ஏறியது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 6 சதவீதமாக இறங்கியது. அன்று ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்தது. லண்டன் வர்த்தகர் திருட்டுத்தனமாக நகர்த்தியது அரை சதவீதத்துக்கும் கீழ். நிதியமைச்சகத்தின் ஒரு அறிவிப்பு நகர்த்தியது ஒன்பது சதவீதப் புள்ளி வரி. ஊரறியச் செய்வதால் இதை யாரும் சதி என்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். வாங்கி விற்பதில் கரையும் பணம் எவ்வளவு? உங்களுக்கும் உலோகத்துக்கும் நடுவில் யாருடைய வாக்குறுதி நிற்கிறது? குறுகிய கால விலை ஆட்டம் உங்களை எவ்வளவு காயப்படுத்தும்? அரசு விதியை மாற்றினால் எந்த வடிவம் முதலில் அடிபடும்? அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா? கடைசிக் கேள்வி நிதி ஆலோசகர்கள் மறக்கும் கேள்வி. நம் வீடுகளில் கல்லூரிக் கட்டணமும் ஆஸ்பத்திரி பில்லும் எத்தனையோ முறை நகை அடகில்தான் கட்டப்படுகின்றன.

## நகை

செலவுக் கணக்கில் இதுதான் மிக மோசம். அன்றைய விலையில் ஒரு லட்ச ரூபாய்த் தங்கம், சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,12,000. ஜிஎஸ்டி சேர்த்தால் 1,15,360. மறுநாளே விற்கப் போனால், கடை இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டால், கையில் வருவது 98,000. விலை கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். நுணுக்க வேலை உள்ள ஆரத்துக்குச் சேதாரம் இன்னும் கூடும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. கல் பதித்த நகையில் கல்லின் எடையைத் தங்க விலையில் போட்டுவிடும் கடைகள் உண்டு. பில்லில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்யுஐடி எண் (ஒவ்வொரு நகைக்குமான தனி அடையாள எண்) இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக்கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் நகையின் தூய்மையும் பதிவு விவரமும் வரும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே தட்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

நகைச் சீட்டு பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். பதினோரு மாதம் கட்டினால் சேதாரம் இல்லை என்பது நல்ல சலுகைதான், கடை இருக்கும் வரை. முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்ற கம்பெனிச் சட்ட விதியால்தான் சீட்டுகள் பதினோரு மாதத்தில் முடிகின்றன. கடை மூடினால் நீங்கள் அடமானம் எதுவும் இல்லாமல் அதற்குக் கடன் கொடுத்தவர். தமிழ்நாட்டில் அப்படி மூடிய கடைகளின் வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சீட்டு அட்டையோடு பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு லண்டன் சதி பெரிதாகத் தோன்றாது.

இவ்வளவுக்குப் பிறகும் நகைக்கு இரண்டு பலம் உண்டு. முதலாவது அடகு. வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ, அன்றே பணம் கிடைக்கும். இரண்டாவது, அரசின் கை நீண்டபோதெல்லாம் வீட்டில் இருக்கும் நகையை அது கடைசியாகத்தான் தொட்டிருக்கிறது. 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் அமெரிக்கர்களின் தங்கக் காசுகளையும் கட்டிகளையும் அவுன்ஸ் 20.67 டாலருக்கு ஒப்படைக்கச் சொன்னார். அடுத்த ஜனவரியில் அரசு விலையை 35 ஆக்கினார். இந்தியாவில் 1963இல் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு புது நகையை 14 காரட்டுக்குள் அடக்கியது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. 1968 சட்டம் கட்டித் தங்கத்தைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1990 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தக் காலம் முழுக்க அம்மாவின் தாலிக்கொடியும் வளையலும் வீட்டிலேயே இருந்தன. வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை நகையைப் பறிமுதல் செய்யக்கூடாது என்று 1994இல் வந்த அறிவுறுத்தலும் நகைக்குத்தான்.

## நாணயமும் கட்டியும்

24 காரட், மேல்கூலி குறைவு. மூன்று சதவீத மேல்கூலியும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு 1,06,090. விற்கும்போது இரண்டு சதவீதம் போனால் மொத்த இழப்பு எட்டாயிரம் சொச்சம், நகையில் போவதில் பாதிக்கும் குறைவு.

யாருடைய வாக்குறுதியும் நடுவில் இல்லாத வடிவம் இது. 2020 மார்ச்சில் கொரோனாவால் சுவிட்சர்லாந்தின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் மூடி, விமானங்களும் நின்றபோது, நியூயார்க் வாயிதா விலை லண்டன் விலையைவிட ஒரு கட்டத்தில் 70 டாலர் வரை விலகிப் போனது. தாள் தங்கமும் உலோகத் தங்கமும் எப்போதும் ஒன்றல்ல என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. கையில் உலோகம் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை.

குறைகளும் கணிசம். வங்கியில் வாங்கிய காசை அதே வங்கி திரும்ப வாங்காது, கடைக்குத்தான் போக வேண்டும். கட்டியின் பேரில் வங்கிகள் கடன் தருவதில்லை. நாணயமானால் 50 கிராம் வரைதான். லாக்கரில் வைத்தால் வாடகை உண்டு. திருடு போனாலோ தீப்பிடித்தாலோ வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்குக்கு மேல் போகாது. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். உள்ளே இருபது சவரன் இருந்தாலும் அவ்வளவுதான்.

## தங்கப் பத்திரம்

தங்க விலையோடு ஏறி இறங்கும், அரசு எழுதிக் கொடுத்த பத்திரம் இது. 2015 நவம்பரில் முதல் வெளியீடு கிராம் 2,684 ரூபாய். 2023 நவம்பரில் முதிர்வில் 6,132 கொடுத்தார்கள். இடையில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டி. வெளியீட்டின்போதே வாங்கி முதிர்வு வரை வைத்த தனிநபருக்கு ஆதாய வரியும் இல்லை. செலவை மட்டும் பார்த்தால் இதை மிஞ்சிய வடிவம் வரவில்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை என்பதிலிருந்தே, இது யாருக்குச் சுமையானது என்று புரியும்.

இதில் உலோகம் கிடையாது, அரசின் வாக்குறுதி மட்டும். திருப்பித் தரும் விலை, முந்தைய மூன்று வேலை நாட்களின் உள்நாட்டு விலைச் சராசரி. இறக்குமதி வரியை முடிவு செய்வதும் அரசு, இறங்கிய விலையில் பணம் கொடுப்பதும் அரசு. 2024 ஜூலை வரிக்குறைப்புக்குப் பின் முதிர்ந்த பத்திரக்காரர்கள் கசந்துகொண்டதில் நியாயம் உண்டு. இப்போது பங்குச் சந்தையில் கைமாற்றி வாங்கலாம். ஆனால் வாங்குவோர் குறைவாக உள்ள வெளியீடுகளில் நினைத்த விலைக்கு விற்க முடியாது, கைமாற்றி வாங்குபவருக்கான வரி விதியையும் வாங்கும் முன் கணக்கரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

## தங்க இடிஎஃப்

பங்குச் சந்தையில் பங்குபோல் வாங்கி விற்கும் தங்க நிதி இது. 2007இல் இந்தியாவுக்கு வந்தது. நிதி நிறுவனம் உண்மையான தங்கக் கட்டிகளைத் தனிக் காப்பாளரிடம் வைத்து, அதன் பேரில் யூனிட் தருகிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கண்காணிப்பு உண்டு. சேதாரம் இல்லை, தூய்மை பற்றிய சந்தேகம் இல்லை. ஓராண்டு தாண்டி விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. நகைக்கும் காசுக்கும் அதே விகிதம், ஆனால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆண்டுச் செலவு அரை சதவீதம் என்று வைத்தால், காசில் ஒரேமுறை போகும் எட்டு சதவீதத்தை இது எட்டப் பதினாறு ஆண்டு ஆகும், லாக்கர் வாடகையைச் சேர்க்காமலே. பத்து வருடத் தேவைக்கு இடிஎஃப் மலிவு. முப்பது வருடம் தொடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் காசு வெல்லலாம். இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

கூட்டம் முண்டியடிக்கும் நாட்களில் யூனிட் விலை உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்பைவிட ஏறிவிடும் ஆபத்து உண்டு. 2025 அக்டோபரில் வெள்ளி இடிஎஃப்களில் இது கண்முன்னே நடந்தது. சில நிறுவனங்கள் வெள்ளி நிதிகளில் புது முதலீட்டையே தற்காலிகமாக நிறுத்தின. ஆகவே யூனிட்டின் நிகர மதிப்பைப் பார்த்து, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் போட்டே வாங்குங்கள். சாதாரண முதலீட்டாளர் உலோகமாகக் கேட்டு வாங்க முடியாது. இதன் பேரில் தங்கக் கடனும் கிடைக்காது.

## டிஜிட்டல் தங்கமும் வாயிதாவும்

செயலியில் பத்து ரூபாய்க்கு வாங்கும் டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வரவில்லை என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்தது. ஜிஎஸ்டியும் உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சில சதவீத இடைவெளியும் உண்டு. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில் நடக்கும் வாயிதா விஷயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்வேன். ஆட்டுவிக்கிறார்கள் என்று நம்புகிறவர் போகவே கூடாத இடம் அது. கொஞ்சம் மார்ஜின் (முன்பணம்) கட்டிப் பெரிய அளவில் நிற்பவரைத்தான் நொடி நேர ஆட்டம் வெளியே தள்ளும். சதி பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, 'அவர்களை முந்திக்கொள்ளலாம்' என்று வாயிதாவில் இறங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

## ஒரே பார்வையில்

| வடிவம் | வாங்கி விற்பதில் இழப்பு | யாரை நம்ப வேண்டும் | குறுகிய கால ஆட்டம் | அரசு விதி மாறினால் | அடகு |
|---|---|---|---|---|---|
| நகை | மிக அதிகம் | கடைக்காரரை | பாதிக்காது | இதுவரை தப்பியது | உடனே |
| நாணயம், கட்டி | நடுத்தரம் | யாரையும் இல்லை | பாதிக்காது | கட்டி முதலில் அடிபட்டது | காசுக்கு வரம்போடு |
| தங்கப் பத்திரம் | மிகக் குறைவு | அரசை | முதிர்வு நாளில் மட்டும் | அரசின் கையிலேயே | உண்டு |
| இடிஎஃப் | குறைவு, ஆண்டுதோறும் | நிதி நிறுவனம், காப்பாளர் | விற்கும் நாளில் மட்டும் | வரி மாறலாம் | இல்லை |
| டிஜிட்டல் தங்கம் | நடுத்தரம் | செயலி நிறுவனத்தை | சிறிது | பாதுகாப்பு இல்லை | வங்கியில் இல்லை |
| வாயிதா | முதலே போகலாம் | தன் நிதானத்தை | நேரடி அடி | மார்ஜின் மாறும் | இல்லை |

## யாருக்கு எது

ஐந்து முதல் பத்து வருடத்தில் கல்யாணத்துக்கு நகை தேவை என்றால், இப்போதே ஆரம் வாங்கி லாக்கரில் பூட்டாதீர்கள். மாதாமாதம் இடிஎஃப் சேர்த்து, கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு விற்று, அன்றைய மாடலில் நகை எடுங்கள். விற்கும் ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டும், ஆனால் பழைய நகையை மாற்றும்போது இரண்டாம் முறை சேதாரம் கொடுப்பது மிச்சம். மாதாமாதம் வாங்குவதில் இன்னொரு பலன், எந்த ஒரு நாளின் விலையை யார் ஆட்டியிருந்தாலும் அது உங்கள் சராசரியில் கரைந்துவிடும்.

வருமானம் நிலையில்லாத குடும்பம், சிறு வியாபாரி, விவசாயி என்றால் வேலைப்பாடு குறைந்த நகை. வளையல், சங்கிலி போன்றவை. சேதாரம் குறையும், கல் தொல்லை இல்லை, ஆடி மாதத்தில் விதைக்குப் பணம் வேண்டுமானால் அடகுக்குத் தயாராக இருக்கும். இடிஎஃப் தான் மலிவு என்று இவர்களிடம் வாதிடுவது அவர்கள் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

வங்கிகளையும் அரசையும் நிதி நிறுவனங்களையும் ஒருசேர நம்பாதவர் நாணயம் வாங்கட்டும். பிள்ளைகளுக்காக இருபது, முப்பது வருடம் வைப்பவருக்கும் அதுவே பொருந்தும். ஆனால் சேமிப்பு முழுவதையும் அதில் போட வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே லாக்கரிலும் வைக்க வேண்டாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது வரிக்கணக்குக்கும், சோதனை வந்தால் கணக்குக் காட்டவும் அது வேண்டும்.

ஏற்கெனவே பத்திரம் வைத்திருப்பவர் முதிர்வு வரை காத்திருப்பதே நல்லது. டீமேட்டில் எது வைத்திருந்தாலும் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பீரோவில் இருக்கும் நகை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணக்கில் இருக்கும் யூனிட் பற்றி மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ நீங்கள் சொன்னால்தான் தெரியும்.